பெங்களூரின் கெத்தான டிபன் கடைகளில் நிம்மதியாகச் சாப்பிட: புதிதாக வந்தவர்களுக்கு

பெங்களூருக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்த முதல் மாதத்திலேயே யாராவது ஒருவர் "வித்யார்த்தி பவன் போனீங்களா, எம்.டி.ஆர். போனீங்களா" என்று கேட்டுவிடுவார். தோசைதானே, போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினால் அன்றைக்குக் கடை விடுமுறையாக இருக்கும். திறந்திருக்கும் நாளில் போனால் வாசலில் கல்யாண வீட்டுப் பந்திக்கு நிற்பதுபோல் ஒரு கூட்டம். அடித்துப் பிடித்து உள்ளே போய் "சாம்பார்?" என்று கேட்டால் பரிமாறுபவர் ஒரு பார்வை பார்ப்பார், பதில் சொல்லக்கூட நிற்க மாட்டார்.

எல்லாம் சைவக் கடைகள், எளிமையானவை, பர்ஸுக்குப் பெரிய சேதம் இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு கெத்து உண்டு. உங்களுக்காக எதையும் மாற்ற மாட்டார்கள். கூடுதலாக ஒரு கிண்ணம் கேட்டாலும் கிடைக்காது, மேசையில் இன்னொரு குடும்பத்தோடு முழங்கை இடித்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். முறை தெரிந்துவிட்டால் இதெல்லாம் பத்து நிமிட வேலை, தெரியாதவருக்கு அரை நாள் போய்விடும். இது எதுவும் எங்கும் எழுதி ஒட்டியிருக்காது, கேட்டால்தான் தெரியும், நாம் கேட்கிற ஆளும் அவசரத்தில் இருப்பார். அதனால் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

1. எந்த வகைக் கடை என்று முதலில் பாருங்கள்

இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் நடைமுறை நேர் எதிர்.

முதல் வகை, நின்று சாப்பிடும் கடை. ஊரெங்கும் தர்ஷினி என்ற பெயரில் இருப்பவை எல்லாம் இந்த வகைதான். சங்கரபுரத்தில் இருக்கும் பிராமின்ஸ் காஃபி பார், மல்லேஸ்வரம் 15ஆவது கிராஸ் பக்கம் இருக்கும் வீணா ஸ்டோர்ஸ் இரண்டும் இதன் பழைய, பெயர்பெற்ற வடிவம். இங்கே முதலில் காசு, பிறகு சாப்பாடு. நாற்காலி இருக்காது. தட்டை வாங்கிக்கொண்டு உயர மேசை கிடைத்தால் மேசை, இல்லாவிட்டால் நடைபாதை.

இரண்டாவது வகை, உட்கார்ந்து சாப்பிடும் கடை. காந்தி பஜாரில் வித்யார்த்தி பவன், லால்பாக் சாலையில் எம்.டி.ஆர்., மல்லேஸ்வரம் 7ஆவது கிராஸ் முனையில் சி.டி.ஆர். இங்கே முதலில் காத்திருப்பு, அப்புறம் இடம், அப்புறம் சாப்பாடு, கடைசியில் காசு. இதில் எம்.டி.ஆரின் மதியச் சாப்பாடு மட்டும் தனிக்கதை, கீழே சொல்கிறேன்.

சி.டி.ஆரைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கடையின் இப்போதைய பெயர் ஸ்ரீ சாகர். ஆட்டோக்காரரிடமும் ஊர்க்காரரிடமும் சி.டி.ஆர். என்றே சொல்லுங்கள், எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும். போர்டைப் பார்த்துவிட்டு இது இல்லை என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.

2. கிழமையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். நம் ஊரில் ஹோட்டல் என்றால் வாரம் ஏழு நாளும் காலை முதல் இரவு வரை திறந்திருக்கும். இங்கே அந்த நினைப்போடு வராதீர்கள்.

வித்யார்த்தி பவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. லால்பாக் சாலை எம்.டி.ஆருக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பிராமின்ஸ் காஃபி பாருக்கு ஞாயிறு விடுமுறை. ஆமாம், ஊரே டிபன் சாப்பிடக் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமை அன்று அந்தக் கடை மூடியிருக்கும். வியாபாரம் போகிறதே என்ற கவலையெல்லாம் அவர்களுக்கு இல்லை.

அடுத்து நேரம். பெரும்பாலும் காலை ஆறு, ஆறரைக்குத் திறந்துவிடுவார்கள். ஆனால் நண்பகலில் கதவு மூடிவிடும், பிற்பகலில்தான் மறுபடி திறக்கும். இது கடைக்குக் கடை, வார நாள் வார இறுதிக்கு ஏற்பக் கொஞ்சம் மாறும். பதினொன்றரைக்குப் போய் நின்று "கடைசி ஆள் உள்ளே போய்விட்டார்" என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறைய. காலை டிபன் என்றால் பத்தரைக்குள் வாசலில் இருங்கள். மாலை என்றால் ஏழரைக்கு மேல் நம்பிப் போகாதீர்கள்.

கூட்டம் எப்போது குறைவு? என் கணக்கில் வார நாட்களில் பிற்பகல் மூன்றிலிருந்து நாலரை வரை பொற்காலம். வித்யார்த்தி பவனில்கூட அப்போது சட்டென்று இடம் கிடைக்கும். சனி, ஞாயிறு காலை எட்டு முதல் பத்தரை வரை போனால் முக்கால் மணி நேரமாவது நிற்கத் தயாராகப் போங்கள், ஒரு மணியும் ஆகலாம். அந்தக் கிழமைகளில்தான் போக முடியும் என்றால் ஆறரைக்குக் கதவு திறக்கும்போதே அங்கே இருப்பது நல்லது. அன்றைய முதல் சுற்றுத் தோசை அவ்வளவு நன்றாக இருக்காது என்று சிலர் சொல்வார்கள், நான் அதை நம்புவதில்லை.

காந்தி பஜார், பசவனகுடி பக்கம் போகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கன்னடக் கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையை ஒட்டி அங்கே கடலெக்காய் பரிஷெ நடக்கும், அதாவது நிலக்கடலைத் திருவிழா. புல் டெம்பிள் சாலை முழுக்க மக்கள்தான் இருப்பார்கள். கடலை வாங்கப் போவதென்றால் போங்கள், அந்த நாட்களில் தோசைக்காகப் போகாதீர்கள்.

3. போய்ச் சேருவது

கார் வேண்டாம். பசவனகுடியிலும் மல்லேஸ்வரத்திலும் வண்டி நிறுத்த இடம் தேடுகிற நேரத்தில் ஒரு தோசை சாப்பிட்டு முடித்துவிடலாம். பைக் என்றால் பக்கத்துச் சந்துகளில் சமாளிக்கலாம், வீட்டு வாசல் கேட்டுக்கு முன்னால் மட்டும் நிறுத்தாதீர்கள்.

மெட்ரோ வசதி. வித்யார்த்தி பவன், பிராமின்ஸ் இரண்டுக்கும் பச்சை வழித்தடத்தில் நேஷனல் காலேஜ் நிலையம். அங்கிருந்து நடந்துவிடலாம், பதினைந்து நிமிடம். வைட்ஃபீல்டிலிருந்து வருகிறவர்கள் ஊதாத் தடத்தில் ஏறி மெஜஸ்டிக்கில் பச்சைக்கு மாறுங்கள், அதற்குப்பின் மூன்றாவது நிலையம். எலக்ட்ரானிக் சிட்டிக்காரர்களுக்கு 2025 ஆகஸ்ட் முதல் மஞ்சள் தடம் வந்துவிட்டது, ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கு மாறினால் நான்காவது நிலையம். எம்.டி.ஆருக்கு லால்பாக் நிலையத்தில் இறங்கலாம், ஆனால் நிலையம் தோட்டத்தின் மேற்குப் பக்கம், கடை வேறொரு பக்கம், ஆகவே ஆட்டோவுக்குக் கொஞ்சம் காசு ஒதுக்குங்கள். மல்லேஸ்வரத்துக்கு சம்பிகே ரோட் நிலையம்.

ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ காலை ஏழு மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். ஆறரைக்குக் கடை வாசலில் நிற்க வேண்டும் என்ற திட்டம் மெட்ரோவை நம்பி இருந்தால் நடக்காது. முதல் ரயிலில் வந்து சேரும்போது எட்டாகிவிடும், அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்திருக்கும்.

4. கையில் என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

முன்பதிவெல்லாம் மறந்துவிடுங்கள். போனில் அழைத்து "நாலு பேருக்கு டேபிள்" என்று கேட்டால் எதிர்முனையில் இருப்பவருக்குச் சிரிப்பு வரும். ஆவணம் என்று ஒன்று இங்கே உண்டென்றால் அது காசு கொடுத்ததும் கையில் தரும் துண்டுச்சீட்டுதான், அதைப் பற்றி ஏழாவது படியில் விரிவாகச் சொல்கிறேன்.

ரொக்கம் கொண்டுபோங்கள். யுபிஐ பெரும்பாலான இடங்களில் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2025 ஜூலையில் சிறு வியாபாரிகளுக்கு யுபிஐ வரவை வைத்து ஜிஎஸ்டி நோட்டீஸ் போனபோது இந்த ஊரில் கடை கடையாக "யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்" என்று எழுதி ஒட்டினார்கள். இப்போது ஓடும் கடையிலும் கூட்ட நேரத்தில் நெட்வொர்க் தொங்கிவிட்டால் பின்னால் நிற்கும் இருபது பேரும் உங்களையே பார்ப்பார்கள். பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாக ஒரு முந்நூறு ரூபாய் சட்டைப்பையில் இருக்கட்டும். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி ஒரு காஃபி கேட்பது காலையில் முதல் ஆளாக நிற்கும்போது செய்யவே கூடாத காரியம்.

செலவுக்குத் தோராயக் கணக்கு: நின்று சாப்பிடும் கடையில் வயிறு நிறைய இட்லி வடை, காஃபி என்றால் ஆளுக்கு நூறு ரூபாய் ஒதுக்கினால் போதும். உட்காரும் கடையில் ஒரு தோசை, ஒரு வடையோ கேசரியோ, காஃபி என்றால் இருநூறு. எம்.டி.ஆரில் காலை டிபனுக்கு அதற்குமேல் ஐம்பது, நூறு சேர்த்துக்கொள்ளுங்கள், மதியச் சாப்பாட்டுக்கு நானூறு எடுத்து வையுங்கள். விலை ஏறிக்கொண்டே இருப்பதால் கொஞ்சம் கூடவே வைத்துச் சொல்கிறேன்.

பில்லில் ஜிஎஸ்டி 5 சதவீதம் இருக்கலாம், அது சரிதான். சேவைக் கட்டணம் என்று ஒன்று இந்த மாதிரிக் கடைகளில் போட மாட்டார்கள். எங்காவது ஒரு புதுப் பளபளப்புக் கடையில் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம், அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இலேயே சொல்லிவிட்டது.

5. வாசலில் பெயர் கொடுப்பது

இது உட்கார்ந்து சாப்பிடும் கடைகளுக்கு. வாசலிலோ உள்ளே நுழைந்த இடத்திலோ ஒருவர் நோட்டும் பேனாவுமாக இருப்பார். வரிசை என்று கண்ணுக்கு எதுவும் தெரியாது, ஆங்காங்கே மக்கள் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டால் நாள் முழுக்க நிற்கலாம், யாரும் கூப்பிட மாட்டார்கள். நேரே நோட்டுக்காரரிடம் போங்கள்.

"எஷ்டு ஜன?" என்பார். எத்தனை பேர் என்று கேட்கிறார். ஒந்து, எரடு, மூரு, நால்கு, ஐது. இந்த ஐந்தும் தெரிந்தால் போதும்.

பெயரைச் சுருக்கமாகக் கொடுங்கள். வெங்கடசுப்பிரமணியன், செந்தமிழ்ச்செல்வி எல்லாம் நோட்டில் வேறு ஏதாவதாக மாறி, கூப்பிடும்போது உங்களுக்கே அடையாளம் தெரியாது. "குமார்" வேண்டாம், அந்த நேரத்தில் வாசலில் இன்னும் மூன்று குமார்கள் இருப்பார்கள். ஊரில் கொஞ்சம் அபூர்வமான இரண்டெழுத்து மூன்றெழுத்துப் பெயர் யாருக்கு இருக்கிறதோ அவர் பெயரைக் கொடுங்கள். எங்கள் கூட்டத்தில் எழிலுக்கு இதனால் தனி மரியாதை.

எண்ணிக்கையில் பொய் வேண்டாம். இரண்டு பேர் வந்து "ஐந்து பேர், மற்றவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்" என்றால் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அடுத்தவருக்கு இடம் போய்விடும், நீங்கள் கடைசிக்குப் போவீர்கள். வாதம் செய்து பலனில்லை. அதேபோல், ஐந்து பேர் ஒரே மேசையில்தான் உட்காருவோம் என்றால் காத்திருப்பு இரண்டு மடங்கு. இரண்டு, மூன்றாகப் பிரிந்து உட்காரச் சம்மதித்தால் உடனே உள்ளே போகலாம். காதல் ஜோடிகளுக்கும் இதே விதிதான், எதிரே ஒரு தாத்தா உட்கார்ந்து பூரியும் சாகும் (நம் குருமா மாதிரி) சாப்பிடுவார், கண்டுகொள்ளாதீர்கள்.

பெயர் கொடுத்துவிட்டுக் காது கேட்கும் தூரத்தில் இருங்கள். காந்தி பஜாரில் பூக்கடை, பழக்கடை என்று வேடிக்கை பார்க்க நிறைய உண்டு, ஒருவர் வாசலில் நிற்க மற்றவர் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பெயர் ஒருமுறை, அதிகம் போனால் இரண்டுமுறை கூப்பிடுவார்கள். மைக் கிடையாது.

நோட்டு இல்லாத கடைகளும் உண்டு. அங்கே சாப்பிட்டு முடிக்கப் போகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும். நமக்குக் கூச்சமாக இருக்கும், சாப்பிடுகிறவருக்கு இருக்காது, அவரும் அப்படி நின்றுவிட்டு வந்தவர்தான். காஃபி டம்ளர் காலியாக இருக்கும் மேசையாகப் பார்த்து நில்லுங்கள். தோசை இப்போதுதான் வந்த மேசைக்குப் பின்னால் நிற்பது வீண்.

6. உட்கார்ந்ததும்

உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் ஆர்டர் கேட்பார்கள். "மெனு கார்டு குடுங்க, பார்த்துச் சொல்றோம்" என்றால் அவர் அடுத்த மேசைக்குப் போய்விடுவார், திரும்பி வரப் பத்து நிமிடம் ஆகும். வெளியே நிற்கும்போதே முடிவு செய்துகொண்டு உள்ளே போங்கள்.

எதைச் சொல்வது? வித்யார்த்தி பவனில் மசாலா தோசைதான். நம் ஊர்ப் பேப்பர் ரோஸ்டை நினைத்துப் போகாதீர்கள், இது சிறியது, கனமானது, வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும், நெய் வாசனை தூக்கும். சிலருக்கு இது முதல்முறை பிடிக்காது, கருகிவிட்டது என்று நினைப்பார்கள். அந்த நிறம் வேண்டுமென்றே கொண்டுவருவது. அதோடு ஒரு ரவா வடை சொல்லுங்கள். சி.டி.ஆரில் பெண்ணெ மசாலா தோசை, அதாவது வெண்ணெய் போட்டது. எம்.டி.ஆரில் ரவா இட்லி. இரண்டாம் உலகப் போர்க்கால அரிசிப் பஞ்சத்தில் அவர்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லும் அதே பண்டம், நெய்யும் உருளைக்கிழங்கு சாகும் கூடவே வரும். எம்.டி.ஆருக்குப் போய் ரவா இட்லி சாப்பிடாமல் வெறும் தோசை சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

பசி அதிகமாக இருந்தால் இரண்டாவது தோசையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தோசைகள் ஒரு சுற்றாக ஊற்றப்படுகின்றன, வித்யார்த்தி பவனில் பரிமாறுபவர் ஒரு கையில் பத்துப் பதினைந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டு வருவதைப் பார்ப்பீர்கள். அந்தச் சுற்று போய்விட்டால் அடுத்த சுற்றுக்குத்தான் உங்கள் தோசை. அதுவரை காலித் தட்டோடு உட்கார்ந்திருப்பீர்கள், பின்னால் நிற்பவர் உங்கள் தலையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மாற்றம் எதுவும் கேட்காதீர்கள். எண்ணெய் குறைவாக, மசாலா தனியாக, கொஞ்சம் வெள்ளையாக, இதெல்லாம் நடக்காது. பலபேருக்கு ஒரே கல்லில் ஒன்றாக ஊற்றுகிறார்கள், உங்களுடையது எது என்று அவர்களுக்கே தெரியாது. உடம்புக்கு ஆகாதது ஏதாவது இருந்தால் மட்டும் ஆர்டருக்கு முன்பே கேளுங்கள். பூண்டு சேர்க்காதவர்கள் தோசைக்கு உள்ளே தடவும் சிவப்புச் சட்னியைப் பற்றிக் கேட்டுக்கொள்வது நல்லது. பல கடைகளில் தடவுவார்கள், சில கடைகளில் இல்லை. கேள்வி கேட்டால் நேரான பதில் கிடைக்கும், முகத்தில் சிரிப்பு இல்லாவிட்டாலும்.

அப்புறம் சாம்பார். வித்யார்த்தி பவன் தோசைக்குச் சட்னி மட்டும்தான். பிராமின்ஸில் இட்லிக்கும் சட்னி மட்டும்தான், சாம்பார் என்பதே கடையில் கிடையாது. முகம் சுளிக்க வேண்டாம், அந்தச் சட்னியை இட்லி மூழ்கும் அளவுக்கு ஊற்றுவார்கள், மறுபடி போனால் மறுபடி ஊற்றுவார்கள், கணக்குப் பார்க்க மாட்டார்கள். சாம்பார் கிடைக்கும் தர்ஷினிகளிலும் அதில் வெல்லம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். நம் ஊர் நாக்குக்கு முதல் ஆறு மாதம் இது பெரிய துக்கம், பிறகு பழகிவிடும். எனக்கு இன்னும் முழுதாகப் பழகவில்லை.

7. நின்று சாப்பிடும் கடையில் சீட்டு நடைமுறை

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். முதலில் கல்லா. என்ன வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி, காசைக் கொடுத்து, சீட்டு வாங்குங்கள். காஃபியையும் இப்போதே சேர்த்துச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சாப்பிட்டு முடித்து எச்சில் கையோடு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

சீட்டோடு சாப்பாடு கொடுக்கும் இடத்துக்குப் போங்கள். தோசைக்கு ஓர் இடம், இட்லி, பாத் வகைகளுக்கு ஓர் இடம், காஃபிக்குத் தனி இடம் என்று பல கடைகளில் பிரித்திருப்பார்கள். சீட்டை வாங்கிக் கொஞ்சம் கிழிப்பார்கள், அல்லது பேனாவால் ஒரு கோடு போட்டுத் திருப்பித் தருவார்கள். அதைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள், காஃபிக்கு அதே சீட்டுதான். சட்னியில் நனைந்துவிடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு தொலைந்தால் "காசு கொடுத்தேன், நீங்களே பார்த்தீர்களே" என்பது எடுபடாது. என் நண்பர் ஒருவர் பேர் சொல்ல விரும்பாத ஒரு கடையில் அரை மணி நேரம் வாதாடிவிட்டுக் கடைசியில் இன்னொரு காஃபிக்குக் காசு கொடுத்தார்.

சீட்டை நீட்டிவிட்டு அமைதியாக நின்றாலும் வேலை நடக்காது. கை நீட்டியபடி "ஒந்து இட்லி வடெ" என்று ஒருமுறை சத்தமாகச் சொல்ல வேண்டும். நாலு பக்கமும் கைகள் நீண்டிருக்கும், பார்வை படுகிற கைக்குத்தான் தட்டு. இது முரட்டுத்தனம் இல்லை, அங்கே அதுதான் வரிசை. சாப்பிட்டு முடித்ததும் தட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள், ஓரத்தில் பெரிய தொட்டி இருக்கும், அதில் போட வேண்டும்.

காஃபியைக் கடைசியில் வாங்குங்கள், தோசையோடு சேர்த்து வாங்கினால் ஆறிவிடும், இரண்டையும் பிடிக்க உங்களுக்குக் கையும் இருக்காது. ஒரு காஃபியை இரண்டு பேர் பங்கிட வேண்டுமானால் "பை டூ" என்று கல்லாவிலேயே சொல்லுங்கள், இரண்டு டம்ளரில் பாதிப் பாதி வரும். யாரும் கஞ்சன் என்று நினைக்க மாட்டார்கள்.

8. பெயர்கள் தெரிந்திருக்கட்டும்

காரா பாத் என்பது நம் ரவா உப்புமா, கொஞ்சம் மசாலா, காய்கறியோடு. கேசரி பாத் நம் கேசரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தால் சௌ சௌ பாத், சௌ சௌ காய் அதில் இல்லை, பயப்பட வேண்டாம். "இட்லி வடெ" என்றால் பெரும்பாலும் இரண்டு இட்லி ஒரு வடை, "சிங்கிள்" என்றால் ஒன்றுக்கொன்று. சாம்பார் உள்ள கடைகளில் "டிப்" என்றால் மூழ்கடித்துத் தருவார்கள், "செபரேட்" என்றால் கிண்ணத்தில். செட் தோசை மூன்று மெத்துத் தோசைகள், தட்டெ இட்லி ஒரு தட்டளவு பெரிய இட்லி. உத்தின வடெ நம் உளுந்து வடை. பிசி நீரு என்றால் வெந்நீர்.

மொழியில் கொஞ்சம் கவனம். பரிமாறுகிற பலருக்குத் தமிழ் புரியும், அதனாலேயே எடுத்த எடுப்பில் தமிழில் ஆரம்பித்துவிடாதீர்கள். "அண்ணா, ஒந்து மசாலெ தோசெ கொடி" என்று உடைந்த கன்னடத்தில் தொடங்கினால் அவரே தமிழுக்கு மாறிவிடுவார். போதும் என்பதற்கு "சாக்கு". பகிரும் மேசையில் உட்காருமுன் "இல்லி யாராத்ரூ இதாரா?", அதாவது இங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

9. எம்.டி.ஆர். மதியச் சாப்பாடு

இதற்குத் தனியாக ஒரு நாளை ஒதுக்க வேண்டும். பன்னிரண்டரை மணிவாக்கில் தொடங்கும், பன்னிரண்டுக்கே போய்ச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே காசு முன்னாலேயே. பழச்சாற்றில் தொடங்கி, இனிப்பு, பொரியல், ஒரு தோசை, பிசி பேளெ பாத், சாதம், தயிர் சாதம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும், கடைசியில் ஐஸ்கிரீம். வாளியோடு வருகிறவர் நிற்க மாட்டார், வேண்டாம் என்றால் கையைக் காட்டிவிட வேண்டும். ஆரம்பத்தில் வருவதை எல்லாம் இரண்டுமுறை வாங்கிச் சாப்பிட்டால் பிசி பேளெ பாத் வரும்போது வயிற்றில் இடம் இருக்காது, இதுதான் இங்கே பெரிய நஷ்டம். காலையில் காஃபியோடு நிறுத்திக்கொண்டு போங்கள். அன்றைக்கு மதியத்துக்குமேல் அலுவலக மீட்டிங் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பாக்கெட்டில் வரும் எம்.டி.ஆர். சாம்பார் பொடியைப் பற்றிய புகாரை இங்கே சொல்லிப் பயனில்லை, பாக்கெட் வியாபாரம் 2007இலேயே நார்வே நிறுவனம் ஒன்றுக்குப் போய்விட்டது, ஹோட்டல் பழைய குடும்பத்திடம்தான் இருக்கிறது.

10. எதிலிருந்து தொடங்குவது

என் யோசனை: முதலில் ஒரு வார நாள் காலை ஏழு மணிக்குப் பிராமின்ஸ். நாலைந்து பண்டங்கள்தான், தவறாக ஆர்டர் செய்யவே முடியாது, சீட்டு நடைமுறையும் கைவந்துவிடும். அடுத்து ஒரு பிற்பகல் வித்யார்த்தி பவன். அதற்குப்பின் எம்.டி.ஆர். எல்லாவற்றையும் ஒரே ஞாயிறில் முடிக்கிறேன் என்று பட்டியல் போட்டுக்கொண்டு போகாதீர்கள், ஒன்று மூடியிருக்கும், ஒன்றில் காத்திருந்தே நேரம் போய்விடும்.

ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கும்போது இந்த வரிசை சரிப்படாது. முழங்கால் வலி உள்ளவர்களை நின்று சாப்பிடும் கடைக்கோ, ஒரு மணி நேரம் வாசலில் நிற்கும் கடைக்கோ கூட்டிப்போவது பாவம். அவர்களோடு என்றால் வார நாளில் ஒரு நாள் விடுப்புப் போட்டு, பிற்பகலில் கடை மறுபடி திறந்ததும், உட்காரும் கடைக்கே போங்கள். நீங்கள் முன்னால் போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு அவர்களை ஆட்டோவில் வரச்சொல்லலாம், ஆனால் பெயர் கூப்பிடுவதற்குள் வந்துவிட வேண்டும். சிறு குழந்தை இருந்தால் காரமில்லாத இட்லியை முதலிலேயே சொல்லிவிடுங்கள், தோசை வரும்வரை அது சமாளிக்கும். பார்சல் வாங்கிவந்து வீட்டில் கொடுக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சில கடைகளில் கூட்ட நேரத்தில் பார்சலே கிடையாது, கிடைத்தாலும் அந்தத் தோசை இருபது நிமிடத்தில் நமுத்துவிடும். இட்லி, வடை, கேசரி பாத் என்றால் தாங்கும். சட்னிக்கு மட்டும் வீட்டிலிருந்து மூடி இறுக்கமான ஒரு டப்பா கொண்டுபோய்விடுங்கள்.